தொட்டும் தெரியாத இடம்

செஞ்சி,
மாசி மாதம், 1966.

சௌபாக்கியவதி ஜானகிக்கு அம்மா அநேக ஆசீர்வாதம் செய்து எழுதுவது. உன் நைனா சுகம், பசுவும் கன்றும் சுகம், மல்லாட்டைக் கடலை மண்டியில் நம் ஆட்கள் எல்லோரும் சுகம். அங்கே டெல்லியில் நீயும் மாப்பிள்ளையும் வயிற்றில் இருக்கும் குழந்தையும் சுகமாக இருக்க மலையனூர் அங்காளம்மனை வேண்டிக்கொண்டிருக்கிறேன். என் சுகத்தை மட்டும் ஒரு வரியில் எழுத முடியவில்லை, அதற்காகத்தான் இந்தக் கடிதம். மாப்பிள்ளை ஆபீஸிலிருந்து வந்த பிறகு அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து படி, ஏழு மாத வயிற்றோடு வாசலில் நின்றபடியே பிரித்துப் படிக்காதே. யாரும் சாகவில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

உங்கள் பெருநோய்த் தடுப்புக் கழகத்தின் வழிகாட்டும் குழுவிலிருந்து நாலு பேர் இந்தப் பக்கம் வருகிறார்கள், செஞ்சியில் ஒரு பகல் இருப்பார்கள், நம் வீட்டில் சாப்பாடு போடுங்கள் என்று நீ எழுதியிருந்தாய் அல்லவா, அந்தக் கடிதம் வந்ததிலிருந்து உன் நைனாவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. டாக்டர், வக்கீல், என்ஜினியர், நர்ஸ் என்று பெரிய படிப்புப் படித்தவர்கள் கூடி உட்கார்ந்து, எந்த ஜில்லாவுக்கு மருந்து அனுப்பலாம், நோயாளியை எப்படி வைத்துப் பார்க்கலாம் என்று நாட்டுக்கே யோசனை சொல்லுகிற குழு, அதில் நம் ஜானகியும் ஒருத்தி என்று கடைவீதியில் அவர் சொல்லாத ஆள் இல்லை. தளவானூரிலிருந்து தலைவாழை இலை வரவழைத்தார். வெள்ளை அடித்தார். கூடத்துப் பெஞ்சியைத் தூக்கி வெளியே போட்டார். வந்தவர்களில் உங்கள் தலைவர் டாக்டர் ஆதிநாராயணனைப் பார்த்ததும் நீ ஏன் அவரை அப்படிப் புகழ்ந்து எழுதுகிறாய் என்று தெரிந்தது, உயரமும் அந்தக் குரலும். கூட ஒரு வக்கீல், ஒரு என்ஜினியர், அப்புறம் நர்சுகளுக்கெல்லாம் மேலதிகாரியாக இருந்த பவுனம்மாள் என்கிற அம்மாள்.

பள்ளிக்கூடத்து மைதானத்தில் பந்தல் போட்டு அவர் பேசினார். நீ கேட்டிருக்க வேண்டும். குஷ்டம் சாபமும் இல்லை பாவமும் இல்லை, ஒரு கிருமி, அவ்வளவுதான், தொட்டதும் ஒட்டிக்கொள்ளாது, மாத்திரை சாப்பிட்டால் தீர்ந்துபோகும், உங்கள் வீட்டில் ஒருவருக்கு இருந்தால் தள்ளி வைக்காதீர்கள், பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுங்கள் என்றார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆனால் பேச்சு முடிந்து, பெண்கள் ஒவ்வொருவராகத் தட்டி மறைப்புக்குள் வந்து உடம்பைக் காட்டுங்கள் என்றதும் ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை. பக்கத்து ஜவுளிக்கடை உண்ணாமலை என் தொடையை இடித்து, "நீ போக்கா, டாக்டரம்மாவோட அம்மாவே போனா நாங்களும் வந்துருவோம்" என்றாள். எழுந்து போனேன். பெருமையாகத்தான் போனேன், அதை ஏன் மறைக்க வேண்டும்.

உள்ளே பவுனம்மாள் ரவிக்கைக் கையைத் தளர்த்தி விட்டாள். இடது முழங்கைக்கு மேலே பின்பக்கம் வெளுத்து ஒரு இடம் இருக்கிறது, நான் தேமல் என்று மஞ்சள் பூசிக்கொண்டு விட்டுவிட்டேன், பின்பக்கம் என்பதால் அடிக்கடி கண்ணிலும் படாது. டாக்டர் பஞ்சைத் திரித்து எடுத்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொள்ளுங்கள் அம்மா, தொடுகிற இடத்தைக் காட்டுங்கள் என்றார். நெற்றி என்றேன், உள்ளங்கை என்றேன், தோள் என்றேன். அப்புறம் சும்மா இருந்தார். நான் காத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், வெளியே பெண்கள் பேசுவது கேட்கிறது, அவர் தொடுகிற வழியாக இல்லை. கண்ணைத் திறக்காமலே, "இன்னாங்க டாக்டர், நிறுத்திட்டீங்களா" என்று கேட்டேன். "இல்லம்மா, தொட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றார்.

ஜானகி, அந்தப் பேச்சு இன்னும் என் காதில் இருக்கிறது. கண்ணைத் திறந்து கழுத்தைத் திருப்பிப் பார்த்தேன், அந்த வெளுத்த இடத்தில் பஞ்சு இருந்தது, அவர் விரல் இருந்தது, எனக்கு ஒன்றும் இல்லை. வேறு யாருடைய கையையோ பார்க்கிற மாதிரி இருந்தது. சுடுதண்ணீர் ஊற்றிய கண்ணாடிக் குழாயும் குளிர்ந்த தண்ணீர் ஊற்றிய குழாயும் வைத்துப் பார்த்தார்கள், இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தன. அப்போது அவர் கையை எடுத்துக்கொண்டு போய் சோப்புப் போட்டுக் கழுவினார். எல்லோரையும் பார்த்த பிறகு அப்படித்தான் கழுவுவாரோ என்னவோ, நான்தான் முதல் ஆள், எனக்குத் தெரியாது. திரும்பி வந்து குரலைத் தாழ்த்தி, "இது வெளியில தெரிய வேண்டாம்மா. மெட்ராஸ்லேருந்து மாத்திரைய நானே தபால்ல அனுப்பிடறேன். ஜானகிக்கும் அதுதான் நல்லது" என்றார். மேடையில் கேட்ட குரலா இது என்று நான் அவர் முகத்தையே பார்த்தேன். பவுனம்மாள் என்னைப் பார்க்கவில்லை, அவரைப் பார்த்தாள்.

வெளியே வந்தால் உண்ணாமலை, இன்னாக்கா என்றாள். தலையை மட்டும் ஆட்டினேன். அவர்கள் எல்லோரும் அதை ஒன்றுமில்லை என்று எடுத்துக்கொண்டு வரிசையாக உள்ளே போனார்கள்.

சாப்பாட்டுக்கு ஜீப் நம் வாசலில் வந்து நின்றது. உள்ளே இலை போட்டு, தண்ணீர் தெளித்து, பாயசம் வரைக்கும் தயார். உன் நைனாவுக்கு ஒன்றும் தெரியாது, எனக்குச் சொல்ல நேரமும் இல்லை, வாயும் வரவில்லை. துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வாங்க வாங்க என்று ஓடினார். டாக்டர் ஜீப்பை விட்டு இறங்கினார், ஆனால் படி ஏறவில்லை. திண்டிவனத்தில் ரயிலைப் பிடிக்க வேண்டும் என்றார். அந்த ரயில் பொழுது சாய்ந்த பிறகுதான் வரும் என்று நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். வக்கீல் வயிறு சரியில்லை என்றார். என்ஜினியர் இறங்கவே இல்லை. உன் நைனா கையைக் கூப்பிக்கொண்டு, "ஒரு வாய் பாயசமாவது சாப்டுட்டுப் போங்க, எங்க பொண்ணு கேட்டா நான் இன்னா சொல்லுவேன்" என்று நின்றாரே, அதை நான் நிலைப்படியில் நின்று பார்த்தேன். என் கையில் தொட்டது தெரியாமல் போனதை விட அதுதான் என்னை அடித்தது. பவுனம்மாள் மட்டும் இறங்கி, எனக்குப் பசிக்கிறது, நான் பின்னால் பஸ்ஸில் வருகிறேன் என்று சொல்லிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தாள். ரசத்தை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

சாப்பிட்டுவிட்டு அவள்தான் எனக்கு எல்லாம் விளக்கினாள். ஒரே இடத்தில் இருக்கிறது, இந்த வகை அடுத்தவருக்குப் போகாது, சில வருஷம் மாத்திரை விடாமல் சாப்பிட வேண்டும், சமைக்கலாம், குழந்தையைத் தூக்கலாம் என்றாள். அப்படியானால் அவர்கள் ஏன் அம்மா வாசலோடு போனார்கள் என்று கேட்டேன். "அவங்களுக்கும் இதெல்லாம் தெரியும்மா. ஊரூராப் போயி சொல்றாங்க. தன் இலைன்னு வரும்போது பயந்துட்டாங்க" என்றாள். அதற்கு மேல் அவள் அவர்களைத் திட்டவும் இல்லை, தாங்கிப் பேசவும் இல்லை.

அவளை பஸ் ஏற்றிவிட்டு வந்து உன் நைனா என்னைக் கேட்டார். சொன்னேன். கையைக் காட்டு என்றார், காட்டினேன். அந்த இடத்தைக் கிள்ளினார். நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அவர் பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் அழுத்திக் கிள்ளினார். அப்புறம் தன் நகத்தைப் பார்த்தார், ரத்தம் இருந்தது. "வலிக்குதுன்னு சொல்லு ரத்தினம், ஒரு வாட்டி சொல்லேன்" என்று சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். எங்கள் கல்யாணத்திலிருந்து இன்று வரை அந்த மனுஷர் அழுது நான் பார்த்ததில்லை. வலிக்குது என்று பொய் சொல்லிவிடலாமா என்று கூட நினைத்தேன்.

தபாலில் மாத்திரை வரட்டும் என்று நானும் இருந்தேன். ஆனால் எனக்குத் தூக்கம் இல்லை. அந்தப் பந்தலில் வேறு இரண்டு பெண்களுக்கும் கண்டுபிடித்திருக்கிறார்கள், ஒருத்தி கூலி வேலை செய்கிறவள், இன்னொருத்தி சட்டி பானை விற்கிறவள், அவர்களுக்கு யாரும் மெட்ராஸிலிருந்து தபாலில் அனுப்பவில்லை. வாரா வாரம் ஏரிக்கரைப் புளியமரத்தடியில் துரைக்கண்ணு என்கிற ஆஸ்பத்திரிப் பையன் சைக்கிளில் வந்து மாத்திரை கொடுக்கிறான், அங்கே முக்காடு போட்டுக்கொண்டு நிற்கிறார்கள். போன வாரம் நானும் போய் அவர்களோடு நின்றேன், முக்காடு போடவில்லை. துரைக்கண்ணு, "அம்மா நீங்க யாருக்கு வாங்க வந்தீங்க" என்றான். எனக்குத்தான் என்றேன். திரும்பி வருவதற்குள் கடைவீதி முழுக்கத் தெரிந்துவிட்டது. உண்ணாமலை அன்றிலிருந்து உறை மோர் வாங்க வரவில்லை. பாத்திரம் தேய்க்கிறவள் உடம்பு சரியில்லை என்று நின்றுவிட்டாள். மண்டிக்கு வருகிறவர்கள் வருகிறார்கள், கொடுக்கிற தண்ணீரைத்தான் குடிக்கவில்லை. உன் நைனா அவர்கள் எதிரில் என் கையால் மோர் வாங்கிக் குடிக்கிறார், வேண்டுமென்றேதான் குடிக்கிறார் என்று எனக்குத் தெரியும், ஆனாலும் குடிக்கிறார்.

அவர் உன்னைக் குழுவை விட்டு விலகச் சொல்லி எழுது என்கிறார். விலகாதே. நீயும் எழுந்து போய்விட்டால் அங்கே எங்களுக்கு யார் இருக்கிறார்கள். ஆதிநாராயணனை நாலு பேர் முன்னால் வைத்துக் கேவலப்படுத்தவும் வேண்டாம், வாசலில் ரயிலைச் சாக்குச் சொல்லி நின்றபோது அவரைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. ஒன்று மட்டும் அடுத்த கூட்டத்தில் சொல். உங்கள் குழு எந்த ஊருக்குப் போனாலும் பேச்சுக்கு முன்னால் ஒரு நோயாளி வீட்டில் சாப்பிட்டுவிட்டுத்தான் மேடை ஏற வேண்டும் என்று எழுதி வையுங்கள். பேசிவிட்டுச் சாப்பிட வருவது கஷ்டமாக இருக்கிறது அவர்களுக்கு.

இப்போது உன் பிரசவத்துக்கு வருகிறேன். தலைப்பிரசவம் அம்மா வீட்டில் என்று சுக்கும் திப்பிலியும் வாங்கிக் காயவைத்திருந்தேன், இடித்து லேகியம் கிளறலாமா வேண்டாமா என்று தெரியாமல் அப்படியே மூட்டை கட்டி வைத்திருக்கிறேன். உன் அத்தை வந்து வாசலில் நின்றபடி, "டெல்லியிலயே பாத்துக்கட்டும் அண்ணி, புள்ளயத் தூக்கணும்னு ஆசப்படாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். பவுனம்மாள் தூக்கலாம் என்றாள். ஆதிநாராயணனும் மேடையில் அதைத்தான் சொன்னார். அவர் வாயைப் பார்த்தால் தூக்கலாம், அவர் காலைப் பார்த்தால் கூடாது, நான் எதை நம்புவது ஜானகி? ஏழு வருஷம் கோயில் கோயிலாகப் போய் வேண்டிக் கிடைத்த குழந்தை. எனக்கு வேறு யாரும் சொல்ல வேண்டாம், நீ சொல். ஆனால் மகளாக இருந்து என் மனசுக்காக எதையும் சொல்லாதே, டாக்டராக இருந்து சொல். உன் படிப்பில் ஒரு துளி சந்தேகம் இருந்தாலும் வராதே, நான் ஒரு நாளும் குறையாக நினைக்க மாட்டேன், லேகியத்தை அங்கேயே யாரையாவது கிளறச் சொல்லி மறக்காமல் சாப்பிடு. சந்தேகம் இல்லை என்றால் மாப்பிள்ளையிடம் கேட்டுக்கொண்டு வா, பயந்துகொண்டு தனியாக வராதே.

நீயும் குழந்தையும் நூறு வருஷம் நோய் நொடி இல்லாமல் இருக்க அம்மன் துணை இருப்பாள், மாப்பிள்ளைக்கு என் ஆசீர்வாதத்தைச் சொல். மறந்துவிடாமல் நீயும் ஒரு முறை கை, முதுகு எல்லாம் யாரிடமாவது காட்டிப் பார்த்துக்கொள், டாக்டருக்குப் புத்தி சொல்கிறேன் என்று சிரிக்காதே. வருவதாக இருந்தால் தந்தி கொடு, திண்டிவனம் ஸ்டேஷனுக்கு நானே வருவேன். நம் ஊர்க்காரர்கள் நாலு பேராவது அங்கே நிற்பார்கள். நீ இறங்கும்போது என் இடது கையை, முழங்கைக்கு மேலே, பிடித்துக்கொண்டு இறங்கு. நீ பிடித்திருப்பது எனக்குத் தெரியாவிட்டால் போகிறது, அவர்களுக்குத் தெரியட்டும்.

உன் வரவை எதிர்பார்க்கும் அம்மா,
பூ. ரத்தினம்மாள்.