நீ நுழைந்திராத சாப்பாட்டுக்கடை

என் உயிரான அக்கா,

உன்னைக் கடலில் விட்டுவிட்டு வந்து சில கிழமைகள் ஆகின்றன. அன்று நடந்ததை உனக்குச் சொல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை. இவ்வளவு காலமும் எது நடந்தாலும், வேலை முடிந்து காருக்குள் ஏறியதும் உனக்குத்தானே முதலில் போன் எடுப்பேன்? இப்போதும் கை உன் இலக்கத்தைத்தான் தேடுகிறது.

உன் முப்பத்தோராம் நாள், அந்தியேட்டி அன்று விடியவே பிராண்டேயிலிருந்து வெளிக்கிட்டோம். அத்தான், உன் மகள் ஆரணி, நான், மூன்று பேர்தான். ஆரணிதான் கார் ஓடினாள். ஓல்போர்க் நகரையும் தாண்டி டென்மார்க்கின் வடக்குக் கரையில் ஒரு மீன்பிடித் துறைமுகத்தில் படகு ஒழுங்கு செய்திருந்தோம். காற்று அடங்கட்டும் என்று படகுக்காரர் எங்களை வெகுநேரம் காக்கவைத்துவிட்டார்.

நடுக்கடலில் அத்தான் உன் சாம்பலை மடியில் வைத்தபடியே இருந்தார். விடமாட்டேன் என்று சொல்லவுமில்லை, விடவுமில்லை. படகுக்காரர் இயந்திரத்தை நிறுத்திவிட்டு மற்றப் பக்கம் திரும்பி நின்றார். கடைசியில் ஆரணி தன் கையை அவர் கைமேல் வைத்தாள். அப்படித்தான் நீ போனாய். தண்ணீர் நல்ல குளிர், அக்கா. உனக்குக் குளிர் ஒத்துக்கொள்ளாதே என்றுதான் அந்த நேரத்திலும் நினைத்தேன்.

மத்தியானம் வீட்டுக்கு வந்து சமைத்துச் சாப்பிடுவதாகத்தான் இருந்தோம். காற்றால் எல்லாம் பிந்திவிட்டது. அத்தானுடைய சீனி வருத்தம் உனக்குத் தெரியும். காலையில் இன்சுலின் ஊசி போட்டவர், நான் கொண்டுபோன வாழைப்பழத்தைக்கூடத் தொடவில்லை. திரும்பி வரும் வழியில் அவருடைய கை நடுங்கத் தொடங்கியது. நெற்றியெல்லாம் வியர்வை. ஆரணியின் பையில் கிடந்த இனிப்பொன்றை அவர் வாயில் வைத்துவிட்டு, வழியில் கண்ட கடையொன்றில் நிறுத்தினோம். அங்கே எல்லாம் சொசேஜும் இறைச்சியும்தான்.

"செத்தாலும் இண்டைக்கு மச்சம் மாமிசம் தொடமாட்டன்" என்றார் அத்தான்.

"இண்டைக்குப் போய் உந்தக் கதை கதைக்காதேங்கோ" என்று நான் அழுதுவிட்டேன். ஆரணி கைபேசியில் தேடி, ஓல்போர்க் நகருக்குள் முழுக்கச் சைவம் சமைக்கிற கடை ஒன்று இருப்பதாக டெனிஷில் சொல்லிக்கொண்டே காரை எடுத்தாள்.

கதவைத் திறந்ததும் நேரே ஒரு புத்தர், அக்கா. ஆள் உயரம். பொன் நிறம். முன்னால் ஊதுபத்தியும் ஒரு தட்டு நிறையத் தோடம்பழமும். வியட்நாம் பௌத்தர்களின் சாப்பாட்டுக்கடை அது. ஆரணி உள்ளே போய்விட்டாள். அத்தான் வாசற்படியிலேயே நின்றார்.

"இதுக்குள்ளை அவள் வரமாட்டாள்" என்றார்.

ஓம், வரமாட்டாள் என்றுதான் நானும் நினைத்தேன். நீ இல்லை என்பதே அந்த நேரம் எங்கள் இரண்டு பேருக்கும் நினைவில் இல்லை. நீ ஏன் வரமாட்டாய் என்பது அத்தானுக்கும் எனக்கும் தெரியும். உன் மகளுக்குத் தெரியாது.

கடைக்கார அம்மா எங்களைவிட மூத்தவர், சின்ன உருவம். அத்தானின் முகத்தைப் பார்த்ததுமே வாசலடியிலேயே கதிரையை இழுத்துப் போட்டு, இனிப்பான பழச்சாறு கொண்டுவந்து கையில் கொடுத்தார். அத்தான் குடித்து முடித்ததும், ஏன் உள்ளே வராமல் இருக்கிறீர்கள் என்று கேட்டார். "என் அக்காவால் இந்தச் சிலைக்கு முன்னால் இருக்க முடியாது" என்று டெனிஷில் சொன்னேன்.

அவர் காரணம் கேட்கவில்லை. சமையலறைக்குப் பக்கத்தில் இருந்த ஒரு சின்ன அறைக்குக் கூட்டிப்போனார். "இங்கேயிருந்து பார்த்தால் தெரியாது" என்றார். பிறகு மேசையில் சோற்றுக் கோப்பைகளை வைத்தார். மூன்று பேருக்கு நான்கு கோப்பை.

"அக்கா கார் நிறுத்தப் போயிருக்கிறாரா? சூப்பைக் கொண்டுவரவா, அவர் வரும்வரை பொறுக்கவா?"

நான் ஆரணியைப் பார்த்தேன். அவள் யன்னலைப் பார்த்தாள். அத்தான்தான் தனக்குத் தெரிந்த டெனிஷில் மெதுவாகச் சொன்னார், "அவள் இனி வரமாட்டாள்" என்று. ஆஸ்பத்திரியிலும் செத்தவீட்டிலும் படகிலும் அழாத மனிதர், அந்த மேசையில் தலையைக் கவிழ்த்து அழுதார். அந்த அம்மா நான்காவது கோப்பையை எடுக்கவில்லை. எங்களுக்குப் போட்ட சோற்றையும் காளான் கறியையும் அதிலும் போட்டுவிட்டுப் போனார்.

பிறகு வந்த ஒரு தட்டைப் பார்த்து அத்தான் பதறிப்போனார். "மீனடி!" என்று தள்ளினார். சோயாவில் மீன்போலவே செய்து, தோல்போல ஏதோ சுற்றிப் பொரித்திருந்தார்கள். மீனில்லை என்று அந்த அம்மா வந்து பிய்த்துக் காட்டியபிறகுதான் வாயில் வைத்தார். நீ இருந்திருந்தால் பிராண்டே போய்ச் சேரும்வரை அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்பாய்.

அவர் சாப்பிடத் தொடங்கியதும் ஆரணி என்னிடம் கேட்டாள், "சித்தி, அம்மாவுக்கு ஏன் அந்தச் சிலையிலை அவ்வளவு வெறுப்பு?"

நான் அத்தானைப் பார்த்தேன். "சொல்லு" என்றார்.

சொன்னேன். "ஊரிலை சண்டை நேரம், கொம்மாவும் எங்கடை தம்பியும் கொழும்புக்குப் போன பஸ்ஸை ஆமி மறிச்சது. கொம்மாவைப் போகச் சொன்னாங்கள், தம்பியை விசாரிச்சுப்போட்டு விடுறமெண்டு. கொம்மா போகேல்லை. அவங்கடை காவல் சென்றிக்குப் பக்கத்திலை ஒரு அரசமரம், அதுக்குக் கீழை புத்தர் சிலை. பொழுதுபடுமட்டும் அதுக்கு முன்னாலைதான் இருந்தவ. கேக்கிறதுக்கு வேறை ஆரும் இல்லை. தம்பியை விடச் சொல்லு, விடச் சொல்லு எண்டு அந்தச் சிலையிட்டைத்தான் கேட்டவ. கடைசியா ஒருத்தன் வந்து, அப்பிடி ஒருத்தரும் இஞ்சை இல்லை எண்டான்."

ஆரணி கரண்டியை வைத்துவிட்டாள். அல்பர்ட்ஸ்லுண்டில் அவள் புதுவீடு எடுத்தபோது பால் காய்ச்சப் போனாயே, அக்கா, வாசலோடு திரும்பிவிட்டாயே, அதைச் சொன்னாள். யன்னலில் அழகுக்கென்று ஒரு புத்தர் தலை வாங்கி வைத்திருந்தாளாம். இங்கே எந்த வீட்டில்தான் அது இல்லை? நீ வயதானவர்களைப் பராமரிக்கப் போன வீடுகளிலும் இருந்தது. மற்ற எல்லாவற்றையும் துடைத்துவிட்டு அதை மட்டும் துடைக்காமல் வருவாய். ஆனால் உன் மகள் வேறு மாதிரி நினைத்திருக்கிறாள்.

"நான் தனிய இருக்கிறது அம்மாக்குப் பிடிக்கேல்லை எண்டு நினைச்சன். என்னைப் பிடிக்கேல்லை எண்டு நினைச்சன்." பாதி டெனிஷ், பாதி தமிழ். "அதுக்குப் பிறகு நாங்கள் ரெண்டுபேரும் ஒழுங்கா ஒருநாளும் கதைக்கேல்லை, சித்தி. ஏன் எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை?"

நான் என்ன சொல்ல, அக்கா? இங்கே பிறந்த பிள்ளை இங்கேயே நிம்மதியாக இருக்கட்டும் என்று நினைத்தாயா? சொன்னால் அவன் இல்லாமல் போனது உறுதியாகிவிடும் என்று பயந்தாயா? எத்தனையோ தரம் உன்னிடம் கேட்க வாயெடுத்து, கேட்காமல் விட்டவள் நான்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சுத்தத் தமிழில் கேட்டாள், "மாமாக்கு என்ன பேர்?"

"தயாளன்."

அவள் ஒருதரம் தனக்குள் சொல்லிப் பார்த்தாள். "உயிரோடை இருக்கிறாரோ?"

"தெரியாது, பிள்ளை."

வெளிக்கிடும்போது அந்த அம்மா வாசல்வரை வந்தார். பின்னேரப் பிரார்த்தனையில் சொல்ல உன் பெயரைக் கேட்டார். அந்த மனுசியின் முகத்தைப் பார்த்தபோது உன் பெயரைச் சொல்லிவிடலாம் போலத்தான் இருந்தது. ஆனால் வேண்டாம் என்றேன். அவர் கோபிக்கவில்லை. என் கையைப் பிடித்துத் தலையசைத்தார். நான் புத்தரைக் கும்பிடவில்லை, முகத்தைத் திருப்பவும் இல்லை. நீ என்ன செய்திருப்பாய் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

அத்தான் இப்போது நேரத்துக்குச் சாப்பிடுகிறார். ஆரணி ஞாயிறு தவறாமல் எனக்குப் போன் எடுக்கிறாள். மாமா படித்தவரா, பாட்டுப் பாடுவாரா, உயரமா என்றெல்லாம் தமிழில் கேட்கிறாள். உன்னைப் பற்றியும் கேட்கிறாள், யாரோ புது ஆளைப் பற்றிக் கேட்பதுபோல. அதைக் கேட்கத்தான் எனக்குத் தாங்கவில்லை.

அந்த அரசமரத்தடியைப் பார்க்கவேண்டுமாம். அவளோடு நான் போவேன், அக்கா. நீ காத்துக் கிடந்த இடத்தில் அவளைத் தனியே நிற்க விடமாட்டேன். தெரிந்தது எல்லாவற்றையும் சொல்வேன். தெரியாததைத் தெரியாது என்றே சொல்வேன்.

உன் தங்கச்சியும்
தயாளனின் அக்காவுமான
பவானி