சட்டைக்கு அடியில் ஒரு கணக்கு

அன்பையும் அதைவிடக் கொஞ்சம் அதிகமாகக் கோபத்தையும் ஊட்டி நான் வளர்த்த மகளுக்கு, இந்த வீட்டு மாடி அறையின் தனிப்பெரும் சக்கரவர்த்தியும், பல்கலைக்கழகப் பின்வாசலுக்கு எதிரே ஒன்றரை ஜெராக்ஸ் மெஷின்களை (ஒன்று ஓடுகிறது, மற்றது மனமிருந்தால் ஓடும்) அரசாள்பவனுமாகிய உன் சித்தப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பாப்பாவும் சௌக்கியமாக இருப்பீர்கள், இல்லாவிட்டாலும் போனில் சௌக்கியம் என்றுதான் சொல்வீர்கள், நாங்களும் இங்கே அதே முறையில் சௌக்கியம். இப்போது பூமியும் ஆகாயமும் சாட்சியாக, இதுவரை யாரும் சொல்லாததும் இனிமேல் யாரும் நம்பப்போகாததுமான ஒரு கதையை உனக்குச் சொல்வதாக வாக்குத் தருகிறேன். நீ ஐந்து வயதில் என் கதைகளை நம்பினாய், பத்து வயதில் சிரித்தாய், இப்போது பாதியிலேயே போனை வைத்துவிடுகிறாய், அதனால்தான் கடிதம், இதை வைக்க முடியாது, கிழிக்கத்தான் முடியும். முறையாகப் பார்த்தால் இது உன் அப்பா எழுத வேண்டியது. என் அண்ணன் ரிட்டயர் ஆனதிலிருந்து டிவி ரிமோட்டைத் தவிர வேறொன்றையும் கையால் தொடுவதில்லை என்று சபதம் எடுத்திருப்பதால் பாரம் என் தலையில் விழுந்தது. அவருக்கு முழங்கால் வலி பரவாயில்லை, உன் தம்பிக்கு வேலை பரவாயில்லை, குளியலறைக் குழாய் போன வாரம் உடைந்து நாங்கள் படகில் போய்த்தான் பல் தேய்த்தோம். வீட்டுச் செய்தி இதோடு முடிந்தது.

கதை இஸ்திரிப் பெட்டியில் தொடங்குகிறது. போன வருடத்திலிருந்து நம் வீட்டில் கசங்கிய துணி என்கிற இனமே அழிந்துவிட்டது. முதலில் சட்டை, பேன்ட், அதெல்லாம் எப்போதும் உள்ளது. பிறகு கைக்குட்டை, பிறகு துண்டு, தலையணை உறை, போர்வை. ஒரு நாள் பாத்திரம் துடைக்கும் துணி விறைப்பாக எழுந்து நின்று எனக்கு சல்யூட் அடித்தது. என் பனியன் மடிப்பில் விரலை வெட்டிக்கொண்டு நான் கட்டுப்போட்டுக்கொண்டு திரிந்தேன். ஜன்னல் திரைகளைப் பார்த்துப் பயந்த காற்று நம் வீட்டை விட்டுவிட்டுப் பக்கத்துப் பல் டாக்டர் வீட்டுக்குள் போய்விட்டது. எந்நேரம் பார்த்தாலும் உன் அம்மா ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவில் அந்த உயரமான இஸ்திரி மேஜைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். உன் அப்பா பெருமையாக, இப்பத்தான் அவளுக்குக் குடும்பத்துல பொறுப்பு வந்திருக்கு என்றார், முப்பது வருடம் கழித்து.

ஒரு நாள் பட்டன் தைக்க ஊசி கேட்டு மாடியிலிருந்து இறங்கினேன். என் செருப்புச் சத்தம் கேட்டதும் அண்ணி ஒரு சட்டையை வலை வீசுவதுபோல் மேஜைமேல் வீசினார், நான் போய் அதைத் தூக்கிப் பார்த்தேன். அடியில் என் கடைத் தாள்கள். மாணவர்கள் நோட்டைக் கொண்டுவந்து நகல் எடுக்கும்போது கோணலாக விழுந்தது, ஓரம் வெட்டுப்பட்டது, பாதி கருத்தது என்று கெட்டுப்போனதையெல்லாம் ஒரு மூலையில் போடுவேன், மதியம் எனக்குச் சாப்பாடு கொண்டுவரும் அண்ணி, அலமாரியில் விரிக்க ஆகும் என்று அதை எடுத்துப் போவார். நம் வீட்டில் எத்தனை அலமாரி இருக்கிறது என்று நான் யோசித்ததே இல்லை. எல்லாம் கணிதத் துறை மாணவர்களின் நோட்டு. ஓரம் வெட்டுப்பட்ட தாள்களில், காணாமல் போன பாதிக் கணக்கைப் பென்சிலால் போட்டு வைத்திருந்தார். ஏன் அண்ணி நின்றுகொண்டு படிக்கிறீர்கள், நாற்காலிகள் என்ன பாவம் செய்தன என்று கேட்டேன். அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார், "உட்கார்ந்தா எல்லாருக்கும் தாகம் எடுக்குது தம்பி. இஸ்திரி போடும்போது மட்டுந்தான் யாரும் கூப்பிடுறதில்லை." நான் விஞ்ஞானி அல்லவா, சோதித்துப் பார்த்தேன். செய்தித்தாளைக் கையில் கொடுத்து அவரை நாற்காலியில் உட்காரவைத்தேன். தலைப்பைப் படித்து முடிப்பதற்குள் உன் அப்பாவுக்குத் தண்ணீர், உன் தம்பிக்குச் சார்ஜர், வாசலில் கேஸ் சிலிண்டர்காரர், கடைசியாகப் பல் டாக்டர் வீட்டு நாய் உள்ளே வந்து இன்றைக்கு என்ன சமையல் என்று விசாரித்தது. திரும்பவும் அவரை மேஜைக்கு அனுப்பினேன். வீடு அமைதியாகிவிட்டது.

உன் அம்மா கணிதத்தில் இரண்டு வருடம் முடித்த பெண் என்று உனக்குத் தெரியுமா, தெரிந்திருக்கும், ஆனால் தெரிந்த மாதிரி நாம் யாரும் நடந்துகொண்டதில்லை. மூன்றாம் வருடத்துக்கு முன்னால் கல்யாணம், அதற்கென்ன கல்யாணத்துக்கு அப்புறம் நாங்களே படிக்க வைக்கிறோம் என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சபையில் வாக்குக் கொடுத்தார்கள், கொடுத்தவர்கள் எல்லாரும் நிம்மதியாகப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், வாக்கு மட்டும் இங்கே கிடக்கிறது. பாதியில் விட்டவர்கள் மறுபடி சேரலாம், வயது தடையில்லை என்ற அறிவிப்பை என் கடைச் சுவரில் துறைக்காரர்கள் ஒட்டிவிட்டுப் போனார்கள். அண்ணி அதைத் தினமும் படித்தார், நான் அவர் என் சுவரின் அழகை ரசிப்பதாக நினைத்தேன். விண்ணப்பம் போட்டார், நுழைவுத் தேர்வு எழுதினார், தேர்வு நாளில் வீட்டில் சொன்னது கண் டாக்டரிடம் போகிறேன் என்று. நேர்முகத்துக்கு நான் துணைக்குப் போய் வாசலில் காதை வைத்துக்கொண்டிருந்தேன். பெரிய பேராசிரியர் ஒருவர், இத்தனை வருஷம் என்னம்மா இடைவெளி, என்ன பண்ணிட்டிருந்தீங்க என்று கேட்டார். அண்ணி சொன்ன பதில் இது, "வீட்ல எல்லாரும் சாப்பிட்டுட்டே இருந்தாங்க சார்." மின்விசிறி நின்றுவிட்டது. கட்டிடமே அரை அடி கீழே இறங்கியது. மூன்று பேராசிரியர்களில் ஒருவர் வெளியே ஓடிவந்து மனைவிக்குப் போன் போட்டு இனிமேல் எனக்குப் பசிக்காது என்று அழுதார். முதல் வருடத்திலிருந்தே தொடங்க வேண்டும் என்றார்கள், சரி என்றார், இடம் கிடைத்துவிட்டது.

இந்தச் செய்தியை வீட்டில் எப்படிச் சொல்வது என்று அண்ணி ஒரு நல்ல சமயத்துக்குக் காத்திருந்தார். நம் வீட்டில் அப்படி ஒரு சமயம் வராது என்பதால் சட்டையே முந்திக்கொண்டது. உன் அப்பா நண்பர் வீட்டுக் கல்யாணத்துக்குக் கிளம்பிய அன்று, வெள்ளைச் சட்டை எங்கே என்று திடீரென்று பின்னால் வந்து நின்றார். அண்ணி வழக்கம்போல் சட்டையை வீசித் தாளை மறைத்தார், ஆனால் இந்த முறை மனிதர் நகரவில்லை, சீக்கிரம் சீக்கிரம் என்று கடிகாரத்தைத் தட்டிக்கொண்டு பக்கத்திலேயே நின்றார். வேறு வழியில்லை, தாளின் மேலேயே அழுத்தித் தேய்த்துக் கொடுத்தார். ஜெராக்ஸ் மையின் குணம் எனக்குத் தெரியும், சூடு பட்டால் இளகித் துணியில் ஒட்டிக்கொள்ளும், ஏழு கடல் நீரில் துவைத்தாலும் போகாது. கல்யாண மண்டபத்தில் கை கழுவப் போய் நிமிர்ந்த என் அண்ணன், கண்ணாடியில் தன் மார்பில் முழுதாக ஒரு கணக்கு நிற்பதைக் கண்டார். தாளிலிருந்து சட்டைக்கு இடவலம் மாறிப் பதிந்தது கண்ணாடியில் நேராகிவிட்டது. பக்கத்தில் கை கழுவிக்கொண்டிருந்த ஒரு ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, ஐயா உங்க பாக்கெட்டுக்குக் கீழே ரெண்டாவது வரியில ஒரு மைனஸ் விட்டுப்போச்சு என்றாராம். மைனஸ் விழாதது என் மெஷினின் குற்றம், அதை ஒத்துக்கொள்கிறேன். பின்னால் வரிசையில் நின்றவர்கள் ஈரக் கையோடு இரண்டு கட்சியாகப் பிரிந்து விவாதித்ததில் பந்தியே நின்றுபோய், மணமகன் வந்து சமாதானம் செய்துவைத்தார்.

வீட்டுக்கு வந்த உன் அப்பா அது என்ன கணக்கு என்று கேட்கவில்லை. யார் போட்டது என்று கேட்கவில்லை. சட்டை போச்சு என்றார். அப்போதுதான் அண்ணி சொன்னார், பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருக்கிறது, அடுத்த மாதம் வகுப்பு என்று. என் அண்ணன் வெகுநேரம் யோசித்தார், அறிவு முற்றிய மனிதர், யோசித்துவிட்டு, "அப்ப மதியச் சாப்பாடு?" என்றார். உன் தம்பி, நான் படிச்ச இடம்மா அது, ஜூனியர் பசங்க என்னைப் பார்த்துச் சிரிப்பாங்க என்றான். அவன் அங்கே விட்டுவந்த அரியர்களைப் பார்த்துச் சிரித்து முடிக்கவே அவர்களுக்கு இன்னும் பத்து வருடம் ஆகும். சரி, இவர்கள் முணுமுணுத்தார்கள், அண்ணி நிற்கவில்லை. நாலு ஜிப் வைத்த ஒரு பை வாங்கினார், வழுக்காத செருப்பு வாங்கினார், கிட்டப் பார்வைக்கும் தூரப் பார்வைக்கும் சேர்த்துக் கண்ணாடி மாற்றினார். மதியம் சாப்பாட்டு டப்பாவை என்னிடம் கொடுத்துவிட்டு கடை ஸ்டூலில் உட்கார்ந்து எதிரே பல்கலைக்கழக வாசலையே பார்ப்பார், இத்தனை நாள் அது என் டப்பாவுக்குக் கிடைத்த மரியாதை என்றல்லவா நான் மார்தட்டிக்கொண்டிருந்தேன். முதல் நாள் எந்த வரிசையில் உட்காருவது என்று என்னைக் கேட்டார். முன்வரிசை என்றால் பாவம் காது கேட்காது போல என்பார்கள், கடைசி வரிசை என்றால் பையன்களுக்கு அவரவர் அம்மா வந்து உட்கார்ந்த மாதிரி இருக்கும், கடைசியில் ஜன்னல் பக்கம் நடுவரிசை என்று நாங்கள் இருவரும் தீர்மானம் நிறைவேற்றினோம்.

அப்புறம் உன் போன் வந்தது. ஹாலில் ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எல்லாரும் கேட்டோம். அம்மா, நான் மறுபடியும் படிக்கப் போறேன், பாப்பா பிறந்தப்போ விட்டதை முடிக்கப் போறேன், நீ வந்து ஒரு வருஷம் இருந்தாத்தான் முடியும், டிக்கெட் போட்டுட்டேன் என்றாய். அண்ணி முகத்தில் வந்த சந்தோஷம் உண்மையான சந்தோஷம்தான், அதை நான் குறை சொல்லமாட்டேன். நானும் உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்னு இருந்தேன் என்று ஆரம்பித்தார். அப்புறம் சொல்லும்மா, பாப்பா முழிச்சிட்டா, நீ வர்றியா இல்லையா அதை மட்டும் சொல்லு என்றாய். "வர்றேன்மா. நீ படி" என்றார். அவ்வளவுதான். அந்த ஒரு போனில் மறுபடி படிக்கப்போகிறவர்கள் இரண்டு பேர் இருந்தார்கள் மகளே, சொல்ல நேரம் கிடைத்தது ஒருவருக்குத்தான். அடுத்த அதிசயத்தைக் கேள். மதியச் சாப்பாட்டை நினைத்து அதுவரை துக்கம் காத்த உன் அப்பா, ஒரு வருடம் அண்ணி உன் வீட்டில் இருக்கப்போகிறார் என்றதும் அன்று மாலையே தெருமுனைச் சாப்பாட்டுக் கடையில் மாதாந்திரம் பேசி முடித்துவிட்டார், அங்கே குழம்பு நன்றாகவே இருக்கிறதாம். நாலு ஜிப் பைக்குள் இப்போது பாப்பாவுக்கு ஸ்வெட்டர்.

உன் படிப்பை விடு என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் அண்ணி என்னை அந்த இஸ்திரிப் பெட்டியாலேயே மொத்துவார். ஆனால் மாப்பிள்ளைக்கு இரண்டு கைகள் இருப்பதைக் கல்யாணத்திலேயே எண்ணிப் பார்த்தேன், அவை இன்னும் இருக்கின்றனவா என்று விசாரித்து எழுது. குழந்தைக்குத் தாத்தா என்று ஒருவர் இருக்கிறார், முழங்கால் தேறியிருக்கிறது, வேலை வெட்டி இல்லை, ரிமோட் பிடிக்கும் கை பால்புட்டியும் பிடிக்கும், அவர் பெயரில் டிக்கெட் எடுத்தால் என்ன. இந்த யோசனை உனக்கும் வரவில்லை, அவருக்கும் வரவில்லை, கதை கட்டுவதில் நிகரில்லாத எனக்கே நேற்றுத்தான் வந்தது. தாத்தா குழந்தையைப் பார்த்துக்கொள்வது நான் சொல்லும் புளுகுகளையெல்லாம் விடப் பெரிய புளுகாக நம் வீட்டில் எல்லாருக்கும் படுகிறது, இல்லையா.

நீ படித்து முடித்துப் பெரிய பெயரெடுத்து, உன் பட்டத்தின் கனம் தாங்காமல் விமானம் தாழ்ந்து பறக்கும்படி வந்து சேர வேண்டும், பாப்பா உன்னைவிட வாயாடியாக வளர வேண்டும், மாப்பிள்ளைக்குத் துணி காயப்போடத் தெரிய வேண்டும், இவை என் ஆசிகள். குளிரில் காலுறை இல்லாமல் நடக்காதே, குழந்தைக்குச் சோறூட்ட போனைக் காட்டாதே. மறந்துவிடாதே, வகுப்பு அடுத்த மாதம் முதல் திங்கட்கிழமை, நீ எடுத்த டிக்கெட் அதற்கு முந்தின வியாழக்கிழமை. அண்ணி தானாகச் சொல்லமாட்டார், நீதான் கூப்பிட வேண்டும், அன்றைக்கு என்ன சொல்ல வந்தேம்மா என்று ஸ்பீக்கர் இல்லாமல் கேள், நான் எழுதினேன் என்று காட்டிக்கொள்ளாதே.

என் கடிதம் என்பதால் கழித்துத்தான் படித்திருப்பாய். படகைக் கழித்துவிடு, நாயைக் கழித்துவிடு, கணக்கு வாத்தியாரையும் மணமகனையும் அழுத பேராசிரியரையும் கழித்துவிடு, எனக்கு வருத்தமில்லை. ஒரு சின்ன விஷயம் மட்டும் நிஜம், என் கண்ணால் பார்த்தது. நீ போனை வைத்த பிறகு அண்ணி, உன் அப்பா தூக்கிப் போட்ட அந்த வெள்ளைச் சட்டையை எடுத்து மேஜையில் விரித்துத் தேய்க்க ஆரம்பித்தார். நான் மாடிப்படியில் நின்றிருந்தேன். முன்னும் பின்னுமாகத் தேய்த்துக்கொண்டே இருந்தார், வழக்கம்போல் யாரும் கூப்பிடவில்லை. வயர் மேஜைக்குக் கீழே தொங்கிக்கொண்டிருந்தது, பிளக் தரையில் கிடந்தது.

இப்படிக்கு,
சித்தப்பா