இருவருக்கு ஒரே தட்டு

அன்புள்ள காமாக்ஷி,

நம் விஷாகாவின் எடை ஒரே மாதத்தில் ஐந்து கிலோ குறைந்திருக்கிறது. டாக்டர் நேற்று போனில் சொன்னார். நான் கவனிக்கவில்லை. அவள் தட்டு தினமும் காலியாகத்தான் இருந்தது. சாப்பாட்டைக் குப்பையில் கொட்டியிருக்கிறாள்.

டாக்டர் சொன்னதைச் சொல்லி, ஏன் என்று கேட்டேன். தட்டைக் கழுவ எழுந்து போய்விட்டாள். இன்று மதியம் அவளாகவே தன் கல்லூரி ஆய்வைப் பற்றிப் பேசினாள். சிலுவைப் போர்க் காலத்துக் கிறிஸ்தவத் துறவி வீரர்களைப் பற்றியது.

"அவங்க ரெண்டு ரெண்டு பேரா ஒரே பாத்திரத்துல சாப்பிடணும்ப்பா. யாரும் ரகசியமா பட்டினி கிடக்கக் கூடாதுன்னு ரூல்."

நான் ஒரே தட்டில் தயிர்சாதம் போட்டு எடுத்து வந்தேன்.

"அப்பா, சீரியஸா? அடுத்தவா கிளாஸ்ல தண்ணிகூடக் குடிக்க மாட்டே, எச்சில்னு!"

"போர் வீரனுக்கு எச்சில் ஏது?"

"நீயா வீரன்? மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கறது."

பதினொரு வாய் சாப்பிட்டாள். பிறகு, "அம்மாக்கு போன் பண்ணாதே" என்றாள். அதனால்தான் ஈமெயிலில் இந்தக் கடிதம். நீ டெக்சஸில் ஃபிரிஸ்கோ நகரில் உள்ள உன் அக்கா வீட்டுக்குப் போய் ஐந்து மாதம் ஆகிறது. அதைப் பற்றி இதில் எதுவும் எழுதப் போவதில்லை.

அவளை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டுமா என்று டாக்டர் அடுத்த வியாழன் காலை பத்தரைக்குச் சொல்வார். அம்மாவும் வருவாரா என்று கேட்டார். புதன்கிழமைக்குள் நான் பதில் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
அவளுடைய அப்பா