நடுவில் இருக்கும் வீடு

மார்ச் 11, செவ்வாய்

காலையிலிருந்து பனி உருகுகிறது. மூன்று மணிக்கு ஆர்டிஸ் போன் செய்தாள். "அக்கா, வந்துடுச்சு." அவ்வளவுதான் சொன்னாள். என் தங்கை வீடு தெருவின் தாழ்ந்த கோடியில் இருக்கிறது. குழாய் நிரம்பினால் ஊர்ச் சாக்கடை முதலில் அவள் பேஸ்மென்ட் தரை வழியாகத்தான் மேலே வரும். கேலனும் நானும் வாளியோடு போனோம். முதுகு போனதிலிருந்து அவர் குனியவே கூடாது. என் வீட்டுக்காரர் சொன்னால் கேட்கிற ரகம் இல்லை.

ஆர்டிஸ் முழங்கால் பூட்ஸோடு நின்றுகொண்டு, "இந்த ஊர்ல யாரு என்ன சாப்பிட்டாங்கன்னு எனக்குத்தான் முதல்ல தெரியும்" என்றாள். கேலன் சிரித்தார். எனக்கு அழுகை வந்தது. இந்த வருஷத்தில் சாக்கடை ஏறுவது இது இரண்டாவது தடவை.

மார்ச் 19, புதன்

மாநில அரசிடமிருந்து கடிதம். ஊர் மன்ற எழுத்தர் என்பதால் நான்தான் பிரித்தேன். கழிவுநீர்க் குட்டை கசிந்து ஓடையில் கலக்கிறதாம். குட்டையையும் குழாயையும் இரண்டு வருஷத்துக்குள் புதிதாகப் போட வேண்டும். இல்லையென்றால் அபராதம்.

மானியம் உண்டு. ஆனால் நம் ஊர் ஏழை ஊர் என்று காட்ட வேண்டும். வீட்டுக்கு ஒரு தாள். பெயர் போடாமல், வருஷ வருமானத்தை எழுதி, உறையில் ஒட்டித் தர வேண்டும். மாவட்டத் திட்ட அலுவலகத்தில் அவற்றைக் குறைந்ததிலிருந்து கூடியது வரை வரிசையாக அடுக்குவார்கள். நட்டநடுவில் எந்த வீடு வருகிறதோ, அந்த வீட்டு வருமானம்தான் ஊரின் வருமானம். அது அவர்கள் போட்ட கோட்டுக்குக் கீழே இருந்தால் முக்கால் பங்குச் செலவு அரசுடையது. மேலே இருந்தால் எல்லாமே கடன். இப்போது மாதம் முப்பத்து நான்கு டாலர் கட்டுகிற சாக்கடை வரி, கடன் என்றால் நூற்று முப்பதைத் தொடும்.

"அவ்வளவு ஆச்சுன்னா நான் வீட்டைப் பூட்டிட்டுப் போக வேண்டியதுதான்" என்றாள் ஆர்டிஸ். "அந்தக் கோட்டைத் தாண்ட இந்த ஊர்ல யாருடி இருக்கா?" என்றேன். தானியக் கிடங்கை மூடி மூன்று வருஷம் ஆகிறது. பாதி ஊருக்கு அங்கேதான் சம்பளம்.

ஏப்ரல் 5, சனி

வீடு வீடாகத் தாள் கொடுத்தேன். தலைப்பு: 'குறைந்த வருமானக் குடும்பங்களின் கணக்கெடுப்பு'. எவன் வைத்தானோ. ஆர்வில் ஸ்டாடம் அதைத் தூரமாகப் பிடித்துப் படித்துவிட்டு, "நாங்க யார்கிட்டயும் கையேந்தினதில்லை, மார்லிஸ்" என்றார்.

"கையேந்தச் சொல்லலை. உள்ளதை எழுதச் சொல்றேன்."

"எழுதறேன், எழுதறேன். நீ வாசல்ல நின்னு பாத்துக்கிட்டே இருக்காதே."

எல்லா வாசலிலும் இதே கதைதான். காபி மட்டும் ஏழு வீட்டில் கொடுத்தார்கள்.

ஏப்ரல் 12, சனி

எங்கள் தாளைக் கேலன் எழுதினார். பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி கையை வளைத்து மறைத்துக்கொண்டார். எனக்கு என்ன தெரியாது என்று மறைக்கிறார்? என் சம்பளம்தானே இந்த வீட்டில் வருகிறது. ஒட்டிக் கொடுத்தார், வாங்கிப் பெட்டியில் போட்டேன்.

ஏப்ரல் 26, சனி

தொண்ணூற்றொரு வீட்டில் எண்பத்தேழு வந்துவிட்டன. அனுப்பியாயிற்று.

ஜூன் 3, செவ்வாய்

கோட்டுக்கு மேலே. எழுநூற்று நாற்பது டாலர் மேலே.

மானியம் இல்லை. மூன்று தடவை படித்தேன். இந்த ஊரிலா? கடையை மூடி, பள்ளிக்கூடத்தை மூடி, தேவாலயத்துக்கு மாதம் இரண்டு தடவை மட்டும் பாதிரியார் வருகிற இந்த ஊரிலா?

ஜூன் 6, வெள்ளி

இரண்டு நாளாக மன்றக் கட்டடத்துக் காபி மேசையில் ஆண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருக்கிறார்கள். மேயர் ட்வைட் மட்டும் வாயைத் திறந்தார். "வித்த கோதுமைக்கு வந்த காசை எழுதினேன். விதை, டீசல், பாங்கு எல்லாம் கழிச்சு எழுதணும்னு யாரு கண்டா?" தாளில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அவருக்கும் தெரியும். கழித்தால் மிஞ்சுவதை எழுத அவருக்குக் கை வரவில்லை.

சாப்பிடும்போது கேலனிடம் கேட்டேன். "நீங்க என்ன எழுதினீங்க?"

முள்கரண்டியைக் கீழே வைத்தார். "கிடங்குச் சம்பளத்தையும் சேர்த்து எழுதினேன்."

"எந்தக் கிடங்கு? மூடின கிடங்கா?"

"முன்னபின்ன தெரியாதவன் கேக்கறான். பொண்டாட்டி சம்பாத்தியத்துல சாப்பிடறேன்னு எழுதவா?"

தட்டை எடுத்துக் குப்பையில் கொட்டினேன், அவருடையதையும் சேர்த்து. முப்பத்தொரு வருஷத்தில் இப்படிச் செய்தது கிடையாது. என் தங்கச்சி வீட்டுல பீத்தண்ணி வருதுன்னு தெரிஞ்சும் எழுதியிருக்காரே. எப்படி மனசு வந்துச்சு இந்த மனுஷனுக்கு?

ஜூன் 7, சனி

எனக்கு மட்டும் சமைத்தேன்.

ஜூன் 21, சனி

பெருமழை. ஆர்டிஸ் பேஸ்மென்டில் கணுக்கால் வரை. மூன்று பேரும் இறைத்தோம். நடுவில் கேலன் வாளியை வைத்துவிட்டு அவளிடம் சொல்லிவிட்டார். சுவரைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னார். கிடங்குச் சம்பளம், பொய், எல்லாம்.

அவள் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்ட வேண்டும் என்றுகூட நினைத்தேன். அவள் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"நானும்தான் அத்தான்."

"நீயுமா? என்னத்தை?"

"முழுநேரச் சம்பளம் எழுதினேன். முதியோர் இல்லத்துல இப்ப வாரம் ரெண்டு நாள்தான் கூப்பிடறாங்க. ஒரு வருஷமாச்சு." பிறகு என்னைப் பார்த்தாள். "பெட்டி உன்கிட்ட இருந்துச்சு. நீ பிரிச்சு என் கையெழுத்தைப் பாப்பேன்னு நினைச்சேன் அக்கா. பாத்தா தினம் பாத்திரம் நிறையச் சமைச்சு எடுத்துக்கிட்டு வந்து நிப்பே."

நான் பிரிக்கவே இல்லை. பிரித்திருந்தால் அப்படித்தான் போய் நின்றிருப்பேன். அவளும் எழுதினாள், அவரும் எழுதினார், ஊரே எழுதியிருக்கிறது. யாரைக் கோபித்துக்கொள்வது?

ஜூலை 8, செவ்வாய்

முழுக் கடனுக்கும் மன்றம் சம்மதித்தது. அக்டோபரிலிருந்து மாதம் நூற்று முப்பத்தொன்று. திட்ட அலுவலகத்துப் பெண் நல்லவள். அடுத்த வசந்தத்தில் மறுபடி எண்ணலாம், அப்போது கோட்டுக்குக் கீழே வந்தால் கடனில் பெரும்பகுதி தள்ளுபடி, வரியும் இறங்கும் என்றாள். "இந்தத் தடவை நிஜத்தை எழுதச் சொல்லுங்க" என்றாள். அவளுக்கும் தெரிந்திருக்கிறது. எனக்குத்தான் தெரியவில்லை.

அக்டோபர் 18, சனி

ஆர்டிஸ் போய்விட்டாள். நாற்பது மைல் தள்ளி, முதியோர் இல்லத்துக்குப் பக்கத்தில் ஒற்றை அறை. வரி இறங்கினால் திரும்பி வருகிறேன் என்று வீட்டை விற்காமல் பூட்டியிருக்கிறாள். தண்ணீரை நிறுத்தும் தாளில் எழுத்தர் கையெழுத்து வேண்டும். போட்டேன்.

டிசம்பர் 2, செவ்வாய்

போன மாதம் இன்னும் நான்கு வீடு பூட்டியாயிற்று. அக்டோபரிலிருந்து பதினொன்று. எல்லாம் தாழ்ந்த கோடி வீடுகள்.

மார்ச் 10, செவ்வாய்

மறுபடி தாள். இந்தத் தடவை தலைப்பை மடித்து ஒட்டிக் கொடுத்தேன். ஆர்வில் வாசலிலேயே எழுதினார், என் எதிரிலேயே. "பாத்துக்க. மருந்துக்கே பத்தாது" என்றார். ட்வைட் எல்லாச் செலவையும் கழித்து எழுதினார். கடைசியில் கையெழுத்தும் போட்டுவிட்டார். பெயர் கூடாது என்று வேறு தாள் கொடுக்க வேண்டியதாயிற்று.

கேலன் எழுதிவிட்டு ஒட்டாமல் என் பக்கம் தள்ளினார். என் சம்பளம் மட்டும் இருந்தது. அவர் பங்குக்குச் சைபர். மையை அழுத்தி எழுதியிருந்தார். நான் அவர் தோளில் கை வைத்தேன். "போதும் போதும், ஒட்டு" என்றார்.

ஏப்ரல் 1, புதன்

முதுகோடு மல்லுக்கட்டிக்கொண்டு கேலன் தினம் ஆர்டிஸ் வீட்டுக்குப் போகிறார். பேஸ்மென்ட் சுவரைச் சுரண்டுகிறார். வாரம் ஒரு தடவை அவளுக்குப் போன். "ஜூன்ல வந்துடலாம் பாரு." அவள் சாமான் கட்ட அட்டைப்பெட்டி சேர்க்கிறாளாம்.

ஏப்ரல் 21, செவ்வாய்

கடிதம் வந்தது. கோட்டுக்கு மேலே. இருநூற்றுப் பத்து டாலர்.

திட்ட அலுவலகத்துப் பெண்ணுக்குப் போன் செய்தேன். "எல்லாரும் உள்ளதைத்தானே எழுதினாங்க" என்றேன். "எழுதியிருக்காங்க மேடம். ஆனா போன வருஷத்தைவிடப் பதினொரு வீடு குறைச்சல். போனவங்க எல்லாம் வரிசையில கீழே இருந்தவங்க. அவங்க போனதும் நடு மேலே ஏறிடுச்சு. அவங்க இருந்திருந்தா உங்களுக்குக் கிடைச்சிருக்கும்."

சரி என்று சொல்லிப் போனை வைத்தேன்.

சாயங்காலம் கேலன் தலையெல்லாம் சுண்ணாம்புத் தூளோடு வந்தார். கீழே சுவர் காய்ந்துவிட்டதாம். ஆர்டிஸிடம் கேட்டாராம், சமையலறைக்கு மஞ்சள் நிறம் வேண்டும் என்றாளாம்.

"கடுதாசி வந்துச்சா?"

"இன்னும் வரலை."

பெயின்ட் வாங்கக் காசு கேட்டார். எடுத்துக் கொடுத்தேன்.