இரண்டு வீட்டுப் பதில்கள்

பிப்ரவரி 6

இன்று குடும்ப நீதிமன்றத்தில் வாய்தா. நீதிபதி இரண்டு அறிக்கைகளையும் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். என் வக்கீல் பிடித்த மனநல நிபுணர் எழுதியது ஒன்று: வாலு அம்மாவை விட்டு ஒரு நாள்கூட இருக்கமாட்டாள். வாலுவின் அப்பா பக்கத்து நிபுணர் எழுதியது இன்னொன்று: அப்பாவிடம்தான் நிம்மதியாக இருக்கிறாள். இரண்டும் என் ஒரே மகளைப் பற்றித்தான்.

இரண்டையும் ஓரமாக வைத்துவிட்டு, நீதிமன்றமே ஒருவரை நியமிக்கும் என்றார் நீதிபதி. யார் பக்கமும் சேராத ஒருவர். அவர் பார்த்துச் சொன்ன பிறகுதான் வாலு யாரிடம் இருப்பாள் என்பது முடிவாகும்.

நியாயம் என் பக்கம் இருக்கும்போது நடுவில் நிற்பவர் எனக்கு எதற்கு?

பிப்ரவரி 13

நீதிமன்றம் நியமித்த நிபுணரின் அறைக்குப் போனேன். வயதானவர். குரலே எழும்பவில்லை. உங்கள் மகள் எதற்குப் பயப்படுவாள் என்று கேட்டார். அவள் அப்பாவுக்கு என்று பட்டென்று சொன்னேன். வேறு எதற்கு என்றார். எவ்வளவு யோசித்தும் ஒன்றும் வரவில்லை. இருட்டா, நாயா, கணக்குப் பாடமா? பெற்றவளுக்குத் தெரியாதா?

அவர் எதையும் குறித்துக்கொள்ளவில்லை.  அதே நினைப்பில், நான் வேலை பார்க்கும் பல் செட் செய்யும் இடத்தில் இன்று மேல்வரிசையைக் கீழ்வரிசைக்கு வைத்துப் பொருத்திக்கொண்டிருந்தேன். நல்லவேளை, யாரும் பார்க்கவில்லை.

பிப்ரவரி 20

நிபுணர் வீட்டுக்கு வந்தார். தரையைத் துடைத்துத் துடைத்துக் கண்ணாடியாக்கி வைத்திருந்தேன். அவர் அதில் உட்கார்ந்து வாலுவோடு சீட்டு விளையாடினார். வாலு கூசாமல் ஏமாற்றினாள். அவரும் ஒழுங்காகத் தோற்றார். சாயங்காலம் அண்ணன் போன் செய்து, நிபுணர் என்ன சொன்னார் என்று கேட்டார். தண்ணீர் நன்றாக இருக்கிறது என்றார் என்றேன். உண்மையிலேயே அவ்வளவுதான் சொன்னார்.

பிப்ரவரி 22

ஞாயிறு. வாலு அப்பா வீட்டிலிருந்து திரும்பினாள். முகம் சரியில்லை. அங்கே என்ன நடந்தது என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்றாள். நான் விடவில்லை. கால் கழுவிவிடும்போது கேட்டேன், தலை வாரும்போது கேட்டேன். கடைசியில் சொல்லிவிட்டாள்.

"அப்பா என்னை ரூம்ல வெச்சுப் பூட்டிட்டு வெளிய போயிட்டாரு."

பூட்டினாரா? எம் புள்ளையவா? எட்டு வயசுப் புள்ளையவா? விடிந்ததும் வக்கீலுக்குப் போன் போடவேண்டும். 

பிப்ரவரி 23

வக்கீலின் குரலில் அப்படி ஒரு சந்தோஷம். இது ஒன்றே போதும் என்றார். நிபுணருக்கும் போன் போட்டுச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "அவ அதைச் சொல்றதுக்கு முன்னாடி நீங்க என்ன கேட்டீங்க?"

போனை வைத்துவிட்டேன். இந்த ஆளா நடுநிலை? அவங்க பக்கம் சாஞ்சாச்சு. முடிஞ்சுது.

மார்ச் 5

எங்கள் இருவரையும் ஒரே அறையில் உட்காரவைத்தார் நிபுணர். கரண்டியைக் காய்ச்சி அம்மா கையில் சூடு வைத்தாள் என்று வாலு தன் அப்பாவிடம் சொல்லியிருக்கிறாள். நானா? எழுந்தே விட்டேன். வாலுவின் அப்பா என்னை முறைத்துக்கொண்டிருந்தார். பிறகு அறையில் வைத்துப் பூட்டிய கதையைச் சொன்னார் நிபுணர். "நான் பூட்டுனேனா?" என்றார் அவர். 

நிபுணர் அந்த வீட்டுக்கும் போய்ப் பார்த்திருக்கிறார். வாலு படுக்கும் அறைக்குக் கதவே கிடையாதாம், திரைதானாம். டாக்டரிடம் காட்டியதில் அவள் கையில் சூட்டுத் தழும்பும் இல்லை.

அப்படியென்றால் என் மகள் பொய் சொல்கிறாளா என்று கேட்டேன்.

"ரெண்டு வீட்லயும் அவளைக் கேட்டுக்கிட்டே இருக்கீங்க. எதைச் சொன்னா கேள்வி நிக்கும்னு அவ கத்துக்கிட்டா. அவ்வளவுதான்."

எதற்குப் பயம் என்று அவளிடமும் கேட்டாராம். "ஞாயித்துக்கிழமை" என்றாளாம். இங்கேயிருந்து அங்கே, அங்கேயிருந்து இங்கே என்று அவளைக் கைமாற்றும் நாள்.



மார்ச் 6

புள்ளைங்களுக்கு ஞாயித்துக்கிழமைன்னா குஷிதானே வரணும்?

மார்ச் 12

அண்ணனும் அண்ணியும் வந்திருந்தபோது வக்கீல் போன் செய்தார். நிபுணரைக் குறுக்கு விசாரணையில் ஒரு வழி பண்ணிவிடலாமாம். ஆனால் பூட்டிய கதையை வாலுவே நீதிபதியிடம் சொல்லவேண்டுமாம். வீட்டில் நாலு தடவை சொல்லிக்கொடுத்தால் போதுமாம்.

சொல்லுவாள். நான் கேட்டால் எதை வேண்டுமானாலும் சொல்லுவாள். அதுதானே பிரச்சினை.

வேண்டாம் என்றேன். "அப்ப புள்ளைய நீயே தூக்கிக் குடுத்துடு" என்று அண்ணன் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். அண்ணி மட்டும் ஒரு நிமிடம் நின்று, என் கையை அழுத்திவிட்டுப் போனாள்.

மார்ச் 27

நிபுணரின் பரிந்துரையை நாங்கள் இருவரும் ஒப்புக்கொண்டோம். பள்ளிக்கூடம் வாலுவின் அப்பா வீட்டுக்குப் பக்கம், எனக்கோ மாலை ஷிப்ட். அதனால் பள்ளி நாட்களில் வாலு அங்கே. வெள்ளி மாலையிலிருந்து திங்கள் காலை வரை இங்கே. இனி வாசலில் நின்று கைமாற்றுவது கிடையாது. ஒருவர் பள்ளியில் விடுவார், மற்றவர் பள்ளியிலிருந்து அழைத்துப்போவார். ஒரு வீட்டைப் பற்றி இன்னொரு வீட்டில் ஒரு கேள்விகூடக் கேட்கக் கூடாது.

கையெழுத்துப் போட்டேன். தோற்றுவிட்டேனா? 

மார்ச் 31

அவள் துண்டு கொடியிலேயே கிடக்கிறது. எடுத்து மடிக்க மனசு வரவில்லை.

ஏப்ரல் 24

மேலாளரிடம் கெஞ்சி வெள்ளிக்கிழமை மட்டும் காலை ஷிப்ட் வாங்கியிருக்கிறேன். பள்ளிக்கூட வாசலில் வாலுவைக் கூட்டிக்கொண்டேன். சாப்பிட்டாயா, தலை யார் வாரிவிட்டது, அங்கே யாராவது வந்தார்களா — எல்லாம் நாக்கு நுனிவரை வந்தது. பஸ்ஸைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தேன்.

வீட்டில் துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தேன். அவளாகவே பக்கத்தில் வந்து உட்கார்ந்து சாக்ஸுக்கு ஜோடி தேடினாள்.

"அப்பா பாத்திரம் தேய்க்கும்போது பாடுறாரும்மா. பக்கத்து வீட்டு அங்கிள் ஜன்னலைச் சாத்திட்டாரு."

சொல்லிவிட்டுச் சட்டென்று என் முகத்தைப் பார்த்தாள். சாக்ஸ் கையிலேயே இருந்தது.

அவர் பாடும் குரல் எனக்குத் தெரியாதா? சிரித்துவிட்டேன்.

அதற்கப்புறம்தான் அவள் சிரித்தாள்.