பதினான்கு வாளி தாங்கிய ஹூட்

தவமணிக்கு,

நீர் கோயிலால் வருமுன் உம்முடைய அண்ணரை ஏற்ற ஸ்டேஷனுக்குப் போகிறேன். மீன் குசினியில் மூடியிருக்கிறது, பூனையைப் பாரும்.

போன மாதம் அந்த ஓவசியர் பெருமகனார், உம்முடைய அண்ணர்தான், எங்கள் திறந்த மொரிஸ் காரில் மழைக்கு நனைந்து இறங்கி, "இது காரில்லை, சில்லுப் பூட்டின தோணி" என்றார். நீரும் சிரித்தீர். எனக்குச் சுட்டது. அதற்குப் பிறகு நீர் அதில் ஏறவில்லை, நான் கேட்கவுமில்லை. காரின் மேல் மூடும் கிழிந்த ஹூட்டைக் கழற்றிவிட்டு, கிண்ணியாவில் தோணிக்காரரிடம் வாங்கிய பாய்ச்சீலையில் உமது தையல் மெசினிலேயே புதிது தைத்தேன்.

இன்று விடியப் பதினான்கு வாளி தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். உள்ளே இருக்கும் சீற்றில் விரித்த பேப்பரில் ஒரு சொட்டும் இல்லை! நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு காரைச் சுற்றி வந்தபோதுதான் பின்பக்கத் தையலைக் கண்டேன். நான் தைத்தது நண்டு நடந்த தடம். இதுவோ நூல் பிடித்த நேர். நான் கந்தோருக்கு வேலைக்குப் போன நேரம் பிரித்துத் தைத்திருக்கிறீர்.

ரயிலால் இறங்கினதும் அண்ணரிடம் சொல்வேன்: "இது உங்கட தங்கச்சி தைச்சது. பின்னுக்கு ஏறுங்கோ." முன் சீற் உமக்கு. ஹோர்ன் அடித்தால் வாரும், நிலாவெளி வரை போவோம்.

சோமசுந்தரம்

அலுமாரியைப் பூட்டின திறப்பு ரேடியோவுக்கு மேல் கிடக்கிறது.

தலையை இறுக்கிக் கட்டிக்கொண்டு வாரும். மழை இல்லாவிட்டால் ஹூட்டை மடித்துவிட்டுத்தான் ஓட்டுவேன். தைத்த ஆளை ஊர் பார்க்க வேண்டாமோ?