பொங்கல்படியில் வந்த பந்துகள்

ஸ்ரீவராகம்
16.11.2015

மதிப்பிற்குரிய சம்பந்தியம்மாள் கோமதியம்மாள் அவர்களுக்கு,

ஆறுமுகநயினார் வணக்கம் சொல்லி எழுதுவது. இங்கே உங்கள் மகள் ஆர்யா, மாப்பிள்ளை வினீத், என் வீட்டுக்காரி முத்தாரம்மாள் மூவரும் சுகம். நான் சுகமில்லை. காரணம் உங்களுக்குத் தெரியும்.

போனில் பேசினால் வார்த்தை தடிக்கும், சம்பந்திகளுக்குள் அது ஆகாது. அதனால் எழுதி ஆர்யா கையில் கொடுத்தனுப்புகிறேன்.

பிள்ளைகளின் நிச்சயதார்த்தத்திலிருந்து ஞாயிறுதோறும் கிளப்பில் நாம் டேபிள் டென்னிஸ் ஆடுகிறோம். நீங்கள் பி.டி. டீச்சராக இருந்து ரிட்டயரானவர்கள். நான் ஆபீஸ் கேன்டீனில் ஆடிப் பழகிய கணக்குப்பிள்ளை. இருந்தும் போன மாதம்வரை ஒருநாளாவது என்னை ஜெயித்ததுண்டா? என் சர்வீஸ் அப்படி. வலப்பக்கம் போவதுபோல் போய் இடப்பக்கம் திரும்பும். செக்ரட்டரி செல்வினே பார்த்து வாயைப் பிளந்திருக்கிறார்.

இந்த மாதம் அந்தச் செல்வின் செல்லுலாய்டு பந்தை நிறுத்திவிட்டு பிளாஸ்டிக் பந்து வாங்கிப் போட்டார். உலகம் பூராவும் மாறிவிட்டதாம். மூன்று ஞாயிறும் உங்களிடம் தோற்றேன். பந்து திரும்பமாட்டேன் என்கிறது. சத்தமோ, விரிசல் விட்ட தட்டைத் தட்டினதுபோல. ஆள் அதே, ஆட்டம் அதே, பந்து மட்டும் வேறு. பழைய பந்தையே கொண்டுவரச் சொல்லி மனு எழுதியிருக்கிறேன். நீங்களும் கையெழுத்துப் போட வேண்டும்.

இப்படிக்கு,
ஆறுமுகநயினார்


கரமனை
18.11.2015

அன்பும் மரியாதையும் உள்ள சம்பந்தி அவர்களுக்கு,

கோமதி எழுதுவது. உங்கள் கடிதமும், அதைக் கொண்டுவந்தவளின் முறைப்பும் கிடைத்தன.

நீங்கள் சொல்வது நூற்றுக்கு நூறு சரி. எல்லாம் பந்தின் குற்றம். எனக்கும் அது கைக்கு அடங்கவில்லை. ஓரிடத்தை நினைத்து அடித்தால் வேறிடத்தில் போய் விழுகிறது. ஜெயித்ததை மனசில் வைத்துக்கொள்ள வேண்டாம், வேண்டுமென்று செய்ததில்லை.

மனுவில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். தீபாவளி முறுக்கைக் கடிக்க முடியவில்லை என்று மாப்பிள்ளை சொன்னார்களாம், அதற்கும் பொறுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை அவசியம் வாருங்கள்.

உங்கள் சம்பந்தி,
கோமதி


ஸ்ரீவராகம்
27.11.2015

மதிப்பிற்குரிய சம்பந்தியம்மாள் அவர்களுக்கு,

மனுவைப் படித்துவிட்டுச் செல்வின் சிரித்தாராம். சிரிக்கட்டும். நான் சாலைக் கடைத்தெருவில் தேடியலைந்து, ஒரு கடையில் மிச்சம் கிடந்த செல்லுலாய்டு பந்துகளை ஒன்றுவிடாமல் வாங்கி வந்தேன். புதுசில் முகர்ந்தால் அதில் லேசாகக் கற்பூர வாசம் அடிக்கும், உங்களுக்குத் தெரியாததில்லை. கற்பூரத்தோடு கற்பூரமாக இருக்கட்டும் என்று பூஜை அலமாரியில் வைத்தேன்.

முந்தாநாள் திருக்கார்த்திகை. முத்தாரம்மாள் வரிசையாக அகல் ஏற்றினாள். சுடர் பட்டதும் பந்தெல்லாம் புஸ்ஸென்று பற்றிக்கொண்டது. அவ்வளவுதான், வீட்டுக்குள்ளேயே சொக்கப்பனை. முருகனுக்கு ஒன்றும் ஆகவில்லை, படத்தின் சட்டத்தில்தான் கொஞ்சம் கரி. "வெளக்கு வைக்கிற எடத்துல பந்தைக் கொண்டு வச்ச மனுஷனை எங்கயாவது கண்டிருக்கியளா?" என்று தெரு முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

இனி நான் கிளப்புக்கு வருவதாக இல்லை. ரிட்டயரான பிறகு எனக்கென்று இருந்தது, பி.டி. டீச்சரை ஜெயிக்கிறவன் என்ற பெயர் ஒன்றுதான். அதைப் போயும் போயும் பிளாஸ்டிக்கிடம் பறிகொடுக்க மனமில்லை. தப்பாக நினைக்க வேண்டாம்.

ஆறுமுகநயினார்


கரமனை
11.1.2016

அன்புள்ள சம்பந்தி அவர்களுக்கு,

வழக்கம்போல் மகளுக்குப் பொங்கல்படிச் சீர் அனுப்பியிருக்கிறேன். பச்சரிசி, வெல்லம், கரும்பு, மஞ்சள்குலை, பனங்கிழங்கு எல்லாம் இருக்கிறது. கூடவே ஒரு சின்ன டப்பாவில் பிளாஸ்டிக் பந்தும் வைத்திருக்கிறேன். சுவரில் அடித்துப் பாருங்கள், நாலு நாளில் கை பழகிவிடும்.

ஆர்யாவின் அப்பா போனபிறகு இந்த வீட்டில் அவளும் நானும்தான். அவளும் அங்கே வந்துவிட்டாள். இப்போது டிவியைப் போட்டால்தான் இங்கே பேச்சுக்குரல். ஞாயிறு சாயங்காலம் ஆடிவிட்டு, டீ குடிக்கும்போது உங்கள் சர்வீஸைப் பற்றி நீங்கள் விளக்குவதைக் கேட்டால் எனக்கு ஒரு வாரத்துக்குப் போதும். இத்தனை ஞாயிறாக அது இல்லாமல் கஷ்டமாக இருக்கிறது. மறைக்காமல் எழுதிவிட்டேன்.

கோமதி


ஸ்ரீவராகம்
13.1.2016

சம்பந்தியம்மாள் அவர்களுக்கு,

பொங்கல்படியில் பிளாஸ்டிக்கைக் கண்டதும் எனக்குத் தலைக்கேறிவிட்டது. உங்கள் கடிதத்தைப் பிரிக்கக்கூட இல்லை. டப்பாவை மட்டும் திருப்பிக் கொண்டுபோய்க் கொடு என்று ஆர்யாவிடம் சொன்னேன். இத்தனை நாள் வாய்திறக்காமல் கடிதம் சுமந்த பிள்ளை, சீரைத் திருப்பச் சொன்னதும் பிடித்துக்கொண்டாள்.

"மாமா, பந்து பாவம். அம்மையாக்கும் இத்தன நாளும் உங்களுக்குத் தோத்துத் தந்தது. பொண்ணு குடுத்தவ மாப்பிள்ளையோட அப்பாவை ஜெயிக்கப்பிடாதுன்னு. பழைய பந்தை மேஜைக்கு ஒரு வெரல் வெளிய விழ வைக்க அம்மைக்கு நல்லாத் தெரியும். இந்தப் பந்து சொன்ன பேச்சு கேக்காம உள்ள விழுது. அம்மைக்குத் தோக்க முடியல்ல, கேட்டோ."

மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை. அவமானம்தான், வேறென்ன. சாயங்காலம் உங்கள் கடிதத்தைப் பிரித்தேன். படித்தபிறகு என்னைப் பற்றிய வருத்தம் போய் உங்களைப் பற்றிய வருத்தம் வந்துவிட்டது. நன்றாக ஆடத் தெரிந்த நீங்கள் இத்தனை வருஷம் எனக்காக வெளியே அடித்துக்கொண்டிருந்திருக்கிறீர்கள். போதாததற்கு, டீ ஆறும்வரை என் சர்வீஸ் விளக்கத்தையும் கேட்டிருக்கிறீர்கள்.

கல்யாணத்தில் நாங்கள் இன்னது வேண்டும் என்று வாய்திறந்து கேட்டதில்லை. இப்போது மாப்பிள்ளை வீட்டார் என்ற முறையில் ஒரே ஒரு சீர் கேட்கிறேன், மறுக்கக் கூடாது. வருகிற ஞாயிறு உங்களுக்குத் தெரிந்த ஆட்டம் அத்தனையும் ஆடி என்னைத் தோற்கடிக்க வேண்டும். ஒரு பாயிண்ட்கூட விட்டுத்தரக் கூடாது. டப்பாவை நானே கொண்டுவருகிறேன்.

ஆறுமுகநயினார்


கரமனை
18.1.2016

அன்புள்ள சம்பந்தி அவர்களுக்கு,

கேட்ட சீரை நேற்றுக் குறைவில்லாமல் செய்துவிட்டேன் என்று நம்புகிறேன். 11-2, 11-1, 11-3. தோள்பட்டை வலிக்கிறது. இவ்வளவு சந்தோஷமாக ஆடி எத்தனையோ காலமாயிற்று. செல்வின் வாயைப் பிளந்தார், இந்தத் தடவை யாரைப் பார்த்து என்று நான் எழுதமாட்டேன்.

வீட்டுக்கு வந்ததிலிருந்து கடைசி ஆட்டத்தில் உங்களுக்குக் கிடைத்த மூன்றாவது பாயிண்டைப் பற்றியே நீங்கள் முணுமுணுப்பதாக ஆர்யா போன் செய்தாள். நான் விட்டுத்தந்ததோ என்று சந்தேகமாம். அந்த சர்வீஸ் வலப்பக்கம் வருவதுபோல் வந்தது. நான் அந்தப் பக்கம் பாய்ந்தேன். பிளாஸ்டிக் பந்துதான், ஆனாலும் இடப்பக்கம் திரும்பிப் போய்விட்டது. எனக்கு எட்டவில்லை. ஆர்யாமேல் ஆணை.

உங்கள் சம்பந்தி,
கோமதி